தீப்பெட்டிப் படம் முதல் பிக்காச்சு வரை: ஒரு அட்டை வரலாறு

சென்னை மெட்ரோவில் வடக்குப் பக்கமாகக் கடைசி வரை போனால் விம்கோ நகர், விம்கோ நகர் பணிமனை என்று இரண்டு நிலையங்கள் வரும். 2021 பிப்ரவரியில் அந்த நீட்டிப்புப் பாதை திறந்தபோது டிவியில் இந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். விம்கோ என்பது ஏதோ ஒரு வெள்ளைக்கார துரையின் பெயர் என்று நினைத்த நண்பன் எங்கள் வகுப்பிலேயே உண்டு. ஆள் பெயர் இல்லீங்க! வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம்தான் விம்கோ. திருவொற்றியூரில் இருந்த தீப்பெட்டித் தொழிற்சாலை அது.

இன்றைய கட்டுரை போக்கிமான் அட்டைகளைப் பற்றியது. அதற்கு எதற்குத் தீப்பெட்டியில் ஆரம்பிக்கிறாய் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும். காரணம் இருக்கிறது.

என் கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு துண்டு அட்டையில் ஒரு விநோதப் பிராணியின் படம் அச்சிட்டிருக்கிறது. அச்சிட்ட செலவு சில பைசாக்கள். அதில் ஒன்று குப்பைக்குப் போகிறது. அதே மாதிரி இன்னொன்றை 2021-ல் ஒரு அமெரிக்கர் 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் மதிப்பில் வாங்குகிறார். ரூபாயில் போட்டால் முப்பது கோடியைத் தாண்டும். இந்த மதிப்பை உண்டாக்குவது யார்? பி.காம் படிக்கிறவனுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பதில் தேடிப் போனால் கதை முகலாயர் காலம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்.

மச்சமும் கூர்மமும்

அட்டையில் அதிசயப் பிராணிகளைப் போட்டு விளையாடுவதை ஜப்பான்காரன் கண்டுபிடித்தான் என்று நினைத்தால் அது தப்பு. நம் நாட்டில் கஞ்சிஃபா என்று ஒரு சீட்டு விளையாட்டு இருந்தது. பாபர் தன் நினைவுக் குறிப்புகளில் 1527-ல் சிந்து தேசத்துக்கு கஞ்சிஃபா சீட்டுகள் அனுப்பியதைக் குறிப்பிடுகிறார். சீட்டுகள் வட்டமாக இருக்கும். கையால் வரைந்து வர்ணம் பூசுவார்கள். முகலாயர் ஆட்டத்தில் 8 வகை, வகைக்கு 12 சீட்டு, ஆக 96.

இது தெற்கேயும் மேற்கேயும் பரவியபோது நம்மவர்கள் அதில் தசாவதாரத்தைப் புகுத்திவிட்டார்கள். 10 அவதாரம், அவதாரத்துக்கு 12 சீட்டு, ஆக 120. பாதி மீன் பாதி தெய்வமாக மச்சம், ஆமையாகக் கூர்மம், பன்றி முகத்தோடு வராகம், சிங்க முகத்தோடு நரசிம்மம். மைசூர் மகாராஜா மும்முடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இதில் பெரிய பைத்தியம். தானே புதிய ஆட்டங்களை உருவாக்கி, சீட்டுகளின் எண்ணிக்கையை நூற்றுக்கணக்கில் கூட்டிக்கொண்டே போனார்.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். கஞ்சிஃபா வாங்கினால் முழுக் கட்டும் கைக்கு வந்துவிடும். நரசிம்மம் கிடைக்குமா கிடைக்காதா என்ற படபடப்பு அதில் கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

துணி மூட்டையில் ஒட்டி வந்த படம்

அடுத்து 19-ம் நூற்றாண்டு. மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து துணி மூட்டை மூட்டையாக இந்தியாவில் வந்து இறங்கிய காலம். துணியின் மேல் ஒரு வண்ணப் படம் ஒட்டியிருக்கும். யானை, புலி, தெய்வங்கள், புராணக் காட்சிகள் என்று பலவிதம். காரணம் எளிது. வாங்குகிறவருக்கு ஆங்கிலம் தெரியாது, பலருக்கு எழுத்தே தெரியாது. 'அந்த யானைப் படம் போட்ட துணி கொடு' என்று கேட்டு வாங்குவார்கள். வணிகச் சின்னம் என்று நாங்கள் பாடத்தில் படிக்கிறோமே, அதன் ஆதி வடிவம் இதுதான். படத்தைத் திருடி ஒட்டும் போலிகள் பெருகியதால் 1889-லேயே வணிகப் பொருள் குறியீடுகளுக்கு இங்கே தனிச் சட்டம் வந்துவிட்டது.

துணி கிழிந்து போகும், படம் மட்டும் வீட்டில் நிற்கும். சிலர் சட்டம் போட்டு சுவரில் மாட்டினார்கள். சாமான் வாங்கினால் படம் இலவசம் என்று தொடங்கி, படத்துக்காகவே சாமான் என்று மாறுகிற வியாபாரத்தின் முதல் படி இது. அமெரிக்காவிலும் அதே நூற்றாண்டின் கடைசியில் சிகரெட் கம்பெனிகள் பாக்கெட் நசுங்காமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில் படம் அச்சிட்டு, வரிசை எண்ணும் போட்டு, பையன்களைச் சேகரிக்க வைத்தன.

எங்கள் பெரம்பூரும் துணி ஆலை ஊர்தான். பக்கிங்ஹாம் மில் 1876-ல், கர்நாட்டிக் மில் 1881-ல். இரண்டும் 1920-ல் ஒன்றாகி நம் தாத்தாக்கள் வாயில் 'பின்னி மில்' ஆனது. 1996-ல் மூடிவிட்டார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம், இன்னொரு நாள்.

அணிலும் காக்காவும்

இப்போது தீப்பெட்டி. 1920-கள் வரை இந்தியாவுக்குத் தீப்பெட்டி ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்குக் கடுமையான தீர்வை போட்டது அரசாங்கம். ஸ்வீடன் கம்பெனி என்ன செய்தது? வெளியிலிருந்து அனுப்பினால்தானே வரி, உள்ளேயே செய்வோம் என்று 1923-ல் விம்கோவைத் தொடங்கியது. அம்பர்நாத், பரேலி, கல்கத்தா என்று பல ஊர்களில் தொழிற்சாலை. சென்னைக்கு வாய்த்தது திருவொற்றியூர். (2005-ல் விம்கோ ஐடிசியின் கைக்கு வந்தது. ஐடிசியின் பேக்கேஜிங், அச்சுத் தொழிற்சாலையும் அதே திருவொற்றியூரில்தான் என்பது கூடுதல் தகவல்.)

அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய தீப்பெட்டிப் படம் அவர்களுக்கே அடைமொழியாகிவிட்டது: அணில் அய்ய நாடார், காக்கா சண்முக நாடார். ஒரு படம் எவ்வளவு பலமானது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? விம்கோவில் இயந்திரம், சிவகாசியில் கை. கையால் செய்யும் தீப்பெட்டிக்குக் கலால் வரி குறைவு என்பதால் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் முளைத்தன. கூடத்துக்குக் கூடம் வேறு படம். சிங்கம், மயில், குதிரை, கப்பல், சாவி, தாமரை... பட்டியல் முடியாது.

இந்தப் படங்கள்தான் தமிழ்நாட்டுப் பையன்களின் முதல் சேகரிப்பு அட்டைகள். எங்கள் அப்பா 1970-களின் கடைசியில் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் விளையாடியதைச் சொல்வார். தரையில் ஒரு வட்டம். ஆளுக்கு இத்தனை அட்டை என்று வட்டத்துக்குள் அடுக்கவேண்டும். தூரத்தில் நின்று தட்டைக் கல்லை வீச வேண்டும். வட்டத்தைத் தாண்டி வெளியே வந்த அட்டையெல்லாம் வீசியவனுக்கு. தீப்பெட்டிப் படத்தோடு சிகரெட் அட்டையும் சேர்த்தி. எல்லா அட்டைக்கும் ஒரே மதிப்பு இல்லை. தெருவில் தினம் கிடைக்கிற பிராண்டு என்றால் அஞ்சு, கொஞ்சம் அரிதாகக் கிடைப்பது ஐம்பது, வெளிநாட்டு சிகரெட் அட்டை என்றால் ஆயிரம்! அந்த ஆயிரம் யாரிடம் இருக்கும்? ஹார்பரில் வேலை பார்க்கிறவர் வீட்டுப் பையனிடம். ராயபுரத்தில் சொந்தக்காரர் இருந்தால் கொஞ்சம் பிழைத்துக்கொள்ளலாம் என்பார் அப்பா.

கவனியுங்கள். அஞ்சு, ஐம்பது, ஆயிரம் என்ற விலையை எந்தக் கம்பெனியும் வைக்கவில்லை. அந்தத் தெருப் பையன்களே கூடிப் பேசி வைத்தார்கள். தெருவுக்குத் தெரு மாறும். அகரத்தில் ஐம்பது என்பது ஓட்டேரியில் இருபதாக இருக்கும். அட்டைக்குக் காசு கொடுத்ததும் கிடையாது, குப்பையில் பொறுக்கியது. தேவை, அளிப்பு என்று எங்களுக்கு முதல் செமஸ்டரில் நடத்திய பாடத்தை டவுசர் போட்ட பையன்கள் கல்லை வைத்து நடத்தியிருக்கிறார்கள். :-)

படத்தை ஒட்டிய கை

இதை மட்டும் எழுதிவிட்டு 'ஆஹா, அந்தக் காலம்!' என்று முடித்துவிடலாம். ஆனால் மனசு கேட்கவில்லை.

சிவகாசி, சாத்தூர் பக்கம் அந்தத் தீப்பெட்டிகளை யார் செய்தார்கள்? குச்சியைச் சட்டத்தில் அடுக்கியது, பெட்டி மடித்தது, லேபிள் ஒட்டியது என்று எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கை இருந்தது. பெண் குழந்தைகள் நிறைய. இத்தனை பெட்டிக்கு இத்தனை காசு என்று கூலி. பெரம்பூரில் பத்து வயதுப் பையன் வட்டத்துக்குள் வைத்து விளையாடிய படத்தை, அதே வயதில் ஒரு பெண் பசை தடவி ஒட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவளுக்கு அது விளையாட்டு இல்லை, அன்றைய கூலி.

1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதே வருடம் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 10-ம் தேதி வந்த தீர்ப்பில், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்டவேண்டும் என்று உத்தரவானது. பத்து வருடம் ஆகியிருக்கிறது. வழக்குப் போட்டபோது பத்து வயதாக இருந்த பெண்ணுக்குத் தீர்ப்பு வந்தபோது இருபது வயது.

இதனால் அப்பாவின் விளையாட்டு கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இலவசமாக வந்த அட்டைக்கும் எங்கோ யாரோ விலை கொடுத்திருக்கிறார்கள், அந்தக் கணக்கையும் வரலாற்றில் எழுதவேண்டும் என்கிறேன். அவ்வளவுதான்.

பொன்வண்டும் பிக்காச்சுவும்

இப்போது ஜப்பான். நின்டெண்டோ என்றால் வீடியோ கேம்தான் ஞாபகம் வரும். அந்தக் கம்பெனி 1889-ல் கியோட்டோவில் தொடங்கியது ஹனாஃபுடா என்ற பூப்படச் சீட்டு செய்ய! சீட்டு கம்பெனியாகவே பல பத்தாண்டுகள் ஓடியது. பேய், பூதப் படங்கள் போட்ட சீட்டுகளும் ஜப்பானில் எடோ காலத்திலிருந்தே உண்டு. ஆக அவர்களுக்கும் இது பரம்பரை வியாதி.

போக்கிமானை உருவாக்கிய சதோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துச் சேகரிக்கும் பைத்தியம். ஊர் வளர்ந்து வயலும் குளமும் போனபோது, பூச்சி பிடிக்கிற சந்தோஷத்தை வீடியோ கேமில் கொண்டுவர நினைத்தார். இரண்டு கேம்பாய் கருவிகளை இணைக்கும் ஒயரைப் பார்த்தபோது, அதன் வழியே பூச்சி ஒன்று இங்கிருந்து அங்கே ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தாராம். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் போட்டு, கொடுக்காப்புளி இலை வைத்து, முட்டை போடுமா என்று திறந்து திறந்து பார்த்து, பக்கத்து பெஞ்சுக்காரனோடு மாற்றிக்கொண்ட தமிழ்நாட்டுப் பையன்கள் எத்தனை லட்சம் பேர்! பாக்கெட்டுக்குள் அடங்கும் பிராணி என்ற யோசனை நமக்கும் தெரிந்ததுதான். நம்மிடம் தீப்பெட்டி இருந்தது, கேம்பாய் இல்லை.

வீடியோ கேம் 1996 பிப்ரவரியில். அட்டை விளையாட்டு அதே வருடம் அக்டோபரில். ஆனால் பிரிக்காத பாக்கெட்டில் என்ன அட்டை இருக்குமோ என்று தெரியாமல் வாங்கி, அதை வைத்தே ஆடும் முறை அதற்கு முன்பே வந்துவிட்டது. கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1993-ல் கொண்டுவந்த மேஜிக்: தி கேதரிங்தான் அது. டிராகன், பூதம், நாகம் எல்லாம் அதில் உண்டு. அதன் முதல் அச்சில் பிளாக் லோட்டஸ் என்ற அட்டை சுமார் 1,100 பிரதிதான். பழைய அட்டைகளை 1995-ல் மறுபடி அச்சிட்டபோது, விலை விழுகிறதே என்று சேகரிப்பாளர்கள் கொதித்தார்கள். 1996-ல் கம்பெனி ஒரு பட்டியல் போட்டு, இவற்றை இனி அச்சிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. அப்பா தெருவில் அரிது என்பது தானாக நேர்ந்தது. இங்கே அரிது என்பது கம்பெனி கொடுக்கும் வாக்குறுதி.

போக்கிமான் அட்டை 1999 ஜனவரியில் ஆங்கிலத்தில் வந்தது. வெளியிட்டது அதே மேஜிக் கம்பெனி. அமெரிக்கப் பள்ளிகளில் பித்து பிடித்து, பல பள்ளிகள் அட்டையைத் தடை செய்தன. அதே வருடம் பெற்றோர் சிலர் நீதிமன்றம் போனார்கள். அரிய அட்டைக்காகக் குழந்தையைத் திரும்பத் திரும்ப வாங்க வைப்பது சூதாட்டம் என்பது அவர்கள் வாதம். இந்த மாதிரி அட்டை வழக்குகளில் 2002-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதன் சாரம்: பாக்கெட் வாங்கினாய், பாக்கெட் கிடைத்தது, உள்ளே நீ ஆசைப்பட்டது இல்லை என்ற ஏமாற்றம் சட்டப்படி நஷ்டம் ஆகாது. ஒப்பந்தச் சட்டம் படித்தவர்களுக்கு இது புரியும். அம்மாக்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம்.

லாட்டரி போனது, சிப்ஸ் வந்தது

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. சுரண்டல் லாட்டரியால் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே 2003-ல்தான் இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போக்கிமான் ஒளிபரப்பானது. கூடவே சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாசோ என்ற வட்ட அட்டை வந்தது. 1994-ல் மெக்சிகோவில் தொடங்கிய வியாபாரத் தந்திரம் அது. எந்தப் பிராணி கிடைக்கும் என்று பிரித்தால்தான் தெரியும். இரண்டுக்கும் முடிச்சுப் போடவில்லை, ஒரே வருடத்தில் நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். பெட்டிக்கடையில் அப்பாக்கள் சுரண்டுவது நின்றது, பிள்ளைகள் பிரிப்பது தொடங்கியது.

நான் பள்ளியில் படித்த காலத்தில் டாசோ போய்விட்டது. எங்கள் பள்ளி வாசல் கடையில் சரம் சரமாகத் தொங்கியவை மல்யுத்த வீரர் அட்டையும் போக்கிமான் அட்டையும். போக்கிமானில் பெரும்பாலும் டூப்ளிகேட். எழுத்துப்பிழை இருக்கும், பின்பக்கம் நிறம் வேறு. எங்களுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அந்த அட்டை விளையாட்டின் உண்மையான விதிகள் வகுப்பில் ஒருத்தனுக்கும் தெரியாது. படத்தின் மேல் இருக்கும் பெரிய எண் யாருக்கு அதிகமோ அவனுக்கு அட்டை. ஒரு விதத்தில் அது அப்பாவின் வட்டம்தான்: விலையும் விதியும் நாங்களே வைத்தது.

இப்போது நிலைமை வேறு. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க விலை ஏறி, 2021-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய கடைத்தொடர் அடிதடிக்குப் பயந்து கடைக்குள் அட்டை விற்பதையே நிறுத்தி வைத்தது. நான் ஆரம்பத்தில் சொன்ன 52 லட்சத்து 75 ஆயிரம் டாலர் அட்டை, ஒரு ஜப்பானியப் பத்திரிகை 1990-களின் கடைசியில் நடத்திய ஓவியப் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்தது. வரைந்து ஜெயித்த 39 பேருக்குக் கொடுத்தார்களாம். கடையில் விற்றதே இல்லை. ஆனால் அந்தச் செய்தியை யூடியூபில் பார்க்கிற பையன் கடையில் விற்கிற பாக்கெட்டுக்குத்தான் காசு கொடுக்கிறான். 2024 மார்ச் வரை உலகத்தில் அச்சான போக்கிமான் அட்டைகள் 6,400 கோடிக்கும் மேல். அதில் 39 எங்கே, 6,400 கோடி எங்கே!

ஒரு சின்னக் கணக்கு

என் சித்தி பையன் ஏழாவது படிக்கிறான். பிறந்தநாளுக்கு 'ஒரிஜினல்' பாக்கெட் வேண்டும் என்று ஒரே அடம். சித்தி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. ஒரு பாக்கெட் காசில் அவர்கள் வீட்டுக்கு இரண்டு நாள் காய்கறி வந்துவிடும். வேண்டாம் என்று சொல்லாமல், அவனையே உட்கார வைத்து 1999-ன் முதல் தொகுப்பை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

மொத்தம் 102 அட்டை. அதில் பளபளக்கும் அரிய வகை 16. எல்லோரும் தேடும் சாரிசார்டு அந்த 16-ல் ஒன்று. பாக்கெட்டுக்கு 11 அட்டை. மூன்று பாக்கெட்டுக்கு ஒன்றில் பளபள அட்டை இருக்கும் என்பது சேகரிப்பாளர்கள் பிரித்துப் பிரித்துக் கண்ட கணக்கு. அப்படியானால் சாரிசார்டு 48 பாக்கெட்டுக்கு ஒன்று. சரி, 48 வாங்கினால் கட்டாயம் கிடைக்குமா? அதுதான் இல்லை. 48 பாக்கெட் வாங்கியும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 36 சதவீதம். அதாவது நூறு பேர் ஆளுக்கு 48 பாக்கெட் வாங்கினால் 36 பேர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்கள்.

அரசு லாட்டரிக்கு அந்தக் காலத்தில் 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று ஒரு முழக்கம் உண்டு. இதில் விழாவிட்டால் கம்பெனிக்கு.

பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் கேட்டான்: "அண்ணா, இதை ஏன் பாக்கெட் மேலயே போடக்கூடாது?"

நியாயமான கேள்வி. சிப்ஸ் பாக்கெட்டில் எண்ணெய் எத்தனை, உப்பு எத்தனை என்று போடச் சொல்கிறோம். வீடியோ கேமில் இதே மாதிரி காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளுக்கு, வாய்ப்பு எத்தனை என்று வெளியிட வேண்டும் என்று சீனா 2017-ல் விதி போட்டது. பெல்ஜியம் 2018-ல் அவை சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. அட்டை பாக்கெட்டுக்கும் அப்படி ஒரு வரி அச்சிடச் சொல்வதில் என்ன கஷ்டம்? தடை செய்யவேண்டும் என்பது என் கட்சி இல்லை. அட்டை சேர்ப்பதும் மாற்றிக்கொள்வதும் நல்ல விளையாட்டு. பேரம் பேச, விட்டுக்கொடுக்க, ஏமாறாமல் இருக்கக் கற்றுத் தருகிறது. மச்சமும் கூர்மமும் இருந்த கட்டு மாதிரி முழுசாகக் கொடு, இல்லையென்றால் கிடைக்கும் வாய்ப்பு எத்தனை என்று சொல்லிக் கொடு. இதுதான் கோரிக்கை.

ஆரம்பக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலும் இதுதான். அட்டைக்கு மதிப்பைத் தருவது அதை வைத்திருக்கிறவர்கள்தான், அன்றும் இன்றும். அன்று அவர்களே அரிது எது என்றும் கண்டுபிடித்தார்கள், காசு செலவில்லாமல். இன்று அரிது எது என்பதைக் கம்பெனி முதலிலேயே முடிவு செய்து உறைக்குள் ஒட்டி அனுப்புகிறது, நாம் காசு கொடுத்துப் பிரிக்கிறோம்.

தீப்பெட்டி 14 வருடம் ஒரு ரூபாயாக இருந்து 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. படம் இன்னும் ஒட்டித்தான் வருகிறது. அடுத்த முறை கடையில் வாங்கும்போது தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை அந்தப் படத்தைப் பாருங்கள்.

பி.கு: சித்தி பையன் பிறந்தநாளுக்கு பாக்கெட் வேண்டாம் என்றுவிட்டான், கலர் பென்சில் கேட்டான். 39 பேருக்குப் பரிசு கொடுத்த அந்த ஓவியப் போட்டி அவன் மனதில் நின்றுவிட்டது போல. இப்போது தானே பிராணி வரைந்து, அட்டை வெட்டி, தெருப் பையன்களிடம் மாற்றிக்கொண்டிருக்கிறான். அவனுடைய யாளி அட்டைக்கு எங்கள் தெருவில் இன்றைய விலை முன்னூறு. :-)